மயிலாத்தாளின் பெருவிரல்

காரமடை
11.6.2023

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு,

தங்கை லின்சி எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். நீங்களும் அண்ணியும் கிருபாக் குட்டியும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா? நான் எழுதிக்கொடுத்த பயிற்சியைச் செய்கிறாரா, இல்லை அந்தக் காகிதம் பருப்பு டப்பாவுக்கு அடியில் போய்விட்டதா?

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று சிரிக்காதீர்கள். இந்த இல்லத்து கேட்டிலேயே போனை வாங்கிப் பூட்டி வைக்கிறார்கள். விடுமுறைக்குக் கிளம்பும்போதுதான் கையில் தருவார்கள். ஆபீஸில் ஒரு லேண்ட்லைன் இருக்கிறது. அதில் பேசினால் மானேஜரிலிருந்து சமையல்காரர் வரை கேட்டுக்கொண்டிருப்பார்கள். பத்திரம் எழுதிப் பிழைக்கிற உங்களுக்குக் கடிதம் படிக்கக் கசக்கவா போகிறது?

மனநல இல்லத்தில் பிசியோதெரபிஸ்டுக்கு என்ன வேலை என்று கேட்டீர்களே. கோவை கணபதியில் லேத் பட்டறைக்காரர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த வரைக்கும் எனக்கும் தெரியாது. மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டு இவர்களுக்கு உடம்பு விறைத்துப்போகிறது. நடந்தால் கை வீசுவதில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுவதில்லை. நான் எழுப்பி விட்டு, வராந்தாவில் நடக்க வைத்து, பந்தைப் பிடிக்கச் சொல்லி, தோளை அசைத்துவிடுகிறேன். இந்த இல்லம் ஊரிலிருந்து மேற்கே, மலையடிவாரத்தில், கறிவேப்பிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. காற்றடித்தால் சமையலறை வாசம். ஆறு மணிக்கு மேல் சுவருக்கு வெளியே போகக் கூடாது, யானை வரும் என்கிறார்கள். யானையை நான் இன்னும் பார்க்கவில்லை. சுவரை மட்டும் தினமும் பார்க்கிறேன்.

என்னிடம் பெரிய டாக்டர் முதலில் ஒப்படைத்தது மயிலாத்தாள் என்ற அம்மாவை. ஐம்பத்திரண்டு வயது. உங்கள் தாராபுரம் பக்கம்தான். புருஷன் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. கொழுந்தனார்தான் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். வந்து பதினொரு மாதம். வந்த நாளிலிருந்து இரண்டு கைகளையும் மூடிக்கொண்டே இருக்கிறார். பெருவிரலை உள்ளே வைத்து, அதன்மேல் நான்கு விரல்களையும் இறுக்கி. உதவியாளர் செவ்வந்திதான் சோறு ஊட்டுகிறாள். நகம் வளர்ந்து உள்ளங்கையில் குத்திப் புண்ணாகி நாறுகிறது. நரம்பில் கோளாறு இல்லை, எலும்பில் கோளாறு இல்லை. மனசுதான் மூடிக்கொண்டிருக்கிறது என்கிறார் டாக்டர். அந்தக் கைகளைத் திறப்பதுதான் என் வேலை.

நோயாளியின் பெயரை வெளியே சொல்ல மாட்டேன் என்று என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஊர் ரகசியமெல்லாம் உங்கள் வயிற்றில்தானே கிடக்கிறது, இதுவும் கிடக்கட்டும்.

அண்ணிக்கு என் அன்பு. கிருபாவுக்கு முத்தம்.

அன்புத் தங்கை,
லின்சி


தாராபுரம்
20.6.2023

என் பிரியமான லின்சி கண்ணுக்கு,

அண்ணன் டேவிட்சன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். உன் அண்ணி பயிற்சி செய்வதாகச் சொல்கிறாள், நான் பார்த்ததில்லை. பருப்பு டப்பா விஷயம் உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கச் சொன்னாள்.

நீ அங்கே தனியாக இருப்பது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. ஆனாலும் அம்மா இருந்தால் பெருமைப்பட்டிருப்பார். நேரத்துக்குச் சாப்பிடு. சாயங்காலம் வெளியே போகாதே.

எனக்கு ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. பெரிய பார்ட்டி ஒருவர் இந்த வாரம் பழக்கமானார். பத்திரப் பதிவு ஆபீசுக்கு எதிரிலேயே அவருடைய கட்டடத்தில் முன்பக்கக் கடையை எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். புளியமரத்தடியில் மேசை போட்டு மழைக்கும் வெயிலுக்கும் ஓடியது போதும் என்று கர்த்தர் நினைத்திருக்கிறார்.

நீ சொன்ன அந்த அம்மாவை நன்றாகக் கவனி. அடிக்கடி எழுது.

உன் அண்ணன்,
டேவிட்சன்


காரமடை
16.7.2023

அன்பான அண்ணனுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். புதுக் கடைக்கு என் வாழ்த்து. பலகையில் பெயரைப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள், கண்ணாடி போடாதவர்களும் படிக்கட்டும்.

மயிலாத்தாள் அம்மாவின் வலது சுண்டுவிரல் திறந்துவிட்டது. ஐந்து வாரம் ஆயிற்று அதற்கு. தினமும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அவர் கையை ஊறவைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவேன். மணிக்கட்டைக் கீழ்ப்பக்கமாக மடக்கினால் விரல்கள் தாமாகத் தளரும். அந்த இடைவெளியில் துணியைச் சுருட்டி வைப்பேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் தடிமனான துணி. பலவந்தம் எதுவும் இல்லை. வலித்தால் நிறுத்திவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன், அப்படியே நிறுத்தியும்விடுகிறேன். நேற்று முதன்முறையாகப் பேசினார். "போதுமுங்க அம்மணி" என்றார். அவ்வளவுதான். ஒரு வருஷமாக இங்கே யாரும் கேட்காத குரல். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒன்று மட்டும் புரியவில்லை. நான் வெளியே போனதும் துணியைப் பல்லால் இழுத்து எறிந்துவிட்டு, மறுபடி மூடிக்கொள்கிறார். படுக்கும்முன் கையை மூடி, மேலே துண்டைச் சுற்றிக் கட்டச் சொல்லி செவ்வந்தியிடம் நீட்டுவாராம். தூக்கத்தில் திறந்துவிடும் என்று பயப்படுகிறார் போல.

கொழுந்தனார் போன ஞாயிறு வந்தார். கொய்யாப்பழம் கொண்டுவந்திருந்தார். தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று ஒரு வார்த்தை இல்லை. "கை எப்பங்க அம்மணி தொறக்கும்?" என்று மட்டும் மூன்று தடவை கேட்டார். அவர் இருந்த அரை மணி நேரமும் மயிலாத்தாள் அம்மா இரண்டு கைகளையும் சேலைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். கொய்யாவைத் தொடவே இல்லை.

அண்ணிக்கும் கிருபாவுக்கும் அன்பு.

லின்சி


தாராபுரம்
19.7.2023

லின்சி கண்ணு,

சுகம். உன் கடிதம் இன்று காலை வந்தது, உடனே எழுதுகிறேன்.

சுண்டுவிரல் திறந்தது நல்லது. மற்ற விரல்கள் எப்போது திறக்கும்? முக்கியமாகப் பெருவிரல். இடது கைப் பெருவிரல் முழுக்க விரியுமா? ஒரு கண்ணாடி மேல் தட்டையாக வைக்கிற அளவுக்கு வருமா? ரேகையெல்லாம் புண்ணில் அழிந்துபோகாமல் இருக்கிறதா? எத்தனை மாதம் ஆகும் என்று நினைக்கிறாய்? நீ சொன்னால்தான் கேட்கிறாரா, வேறு யார் சொன்னாலும் திறப்பாரா?

உன் வேலையைத் தெரிந்துகொள்ளும் ஆசைதான், வேறொன்றுமில்லை.

டேவிட்சன்


காரமடை
20.8.2023

அன்பான அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம்தானே? போன கடிதத்தில் அண்ணியைப் பற்றியும் இல்லை, கிருபாவைப் பற்றியும் இல்லை, ஒரே விரல் விசாரணை. என் கல்லூரி வாத்தியார்கூட இத்தனை கேள்வி கேட்டதில்லை. கண்ணாடி மேல் எதற்கு வைக்க வேண்டும்? சோறு பிசைய வந்தால் போதாதா?

கேட்டதற்குப் பதில்: இரண்டு கையிலும் நான்கு நான்கு விரல்கள் திறந்துவிட்டன. புண் ஆறிவிட்டது. பெருவிரல்கள் மட்டும் இன்னும் உள்ளேயே. ரேகை நன்றாக இருக்கிறது, அது எதற்கு உங்களுக்கு? நான் சொன்னால் மட்டும்தான் கை நீட்டுகிறார். டாக்டர் தொட்டால் இறுக்கிக்கொள்கிறார்.

செவ்வாய்க்கிழமை பெருவிரலைத் தொட்டபோது மெதுவாகச் சொன்னார்: "இதத் தொறந்தா ஊடு போயிருமுங்க அம்மணி. தோப்பும் போயிரும். அவங்க காத்துட்டு இருக்கறாங்க." யார் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். கையை இழுத்துச் சேலைக்குள் வைத்துக்கொண்டார். பாவமாக இருந்தது. கைக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? இங்கே ஒருவர் தன் செருப்பைக் கழற்றினால் மழை நின்றுவிடும் என்கிறார். நான் குறிப்பேட்டில் எழுதினேன்: கையைத் திறந்தால் வீடு பறிபோகும் என்ற பிரமை உள்ளது. டாக்டர் படித்துவிட்டு மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். இரண்டு நாளாக நடை தள்ளாடுகிறது. எழுதியிருக்க வேண்டாமோ என்று தோன்றுகிறது.

பதில் போடுங்கள்.

லின்சி


தாராபுரம்
8.10.2023

லின்சி கண்ணு,

சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடை மாற்றிய வேலை, கிருபாவின் பரீட்சை, அப்புறம் எனக்கும் தூக்கம் சரியில்லை. உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. இரண்டாவதில் ஏன் பதில் போடவில்லை என்று கோபித்திருந்தாய். கோபிக்காதே.

அந்த அம்மா வீடு, தோப்பு என்று சொன்னதை வேறு யாரிடமாவது சொன்னாயா? சொல்லாதே. பிரமை என்று நீ எழுதியதே சரி. டாக்டர் இருக்கிறார், குடும்பத்தார் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள். நீ கைகால் வேலையை மட்டும் பார்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

டேவிட்சன்


காரமடை
29.10.2023

அன்பான அண்ணனுக்கு,

வணக்கம். தூக்கம் வராததற்கு என்ன காரணம்? சாயங்காலம் காப்பி குடிப்பதை நிறுத்துங்கள், அண்ணியிடம் சொல்லிவைக்கிறேன்.

பெருவிரல் திறந்துவிட்டது.

புதன்கிழமை காலை. நான் சோப்புத் தண்ணீரில் அவர் கையை ஊறவைத்துக்கொண்டு சும்மா பேசிக்கொண்டிருந்தேன். அம்மணிக்குக் கூடப் பிறந்தவங்க இருக்காங்களா என்று கேட்டார். ஒரே ஒரு அண்ணன் என்றேன். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது, கல்லூரிக்கு சைக்கிளில் கொண்டுவந்து விட்டது, எனக்கும் உங்களுக்கும் ஒரே மாதிரி மூக்கு என்று அம்மா கேலி செய்தது எல்லாம் சொன்னேன். சிரித்தார். முதன்முறையாக அவர் சிரித்துப் பார்க்கிறேன். "குடுத்து வெச்சவங்க" என்றார். பிறகு, "நீங்க இருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆகாதுங்களா அம்மணி?" என்று கேட்டார். ஆகாது என்று சொன்னேன். தண்ணீருக்குள்ளேயே இரண்டு பெருவிரலும் மெதுவாக வெளியே வந்தன. வெளுத்து, சுருங்கி, பிறந்த குழந்தையின் விரல் போல இருந்தன. நான் அழுதுவிட்டேன் அண்ணா.

என் முன்னால் மட்டும்தான் திறக்கிறார். ஆனாலும் டாக்டர் அன்றைக்கே ஒரு தாளை நீட்டி, 'சொல்வதைப் புரிந்துகொண்டு தானாகவே கைகளை இயக்குகிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பொய்யில்லையே, போட்டுக் கொடுத்தேன். அந்தத் தாள் மருத்துவக் குறிப்போடு சேரவில்லை. தனியாக ஒரு உறையில் போட்டு வைத்தார். கூட்டிய மாத்திரையையும் அன்றே குறைத்துவிட்டார். எதற்காகக் கூட்டினார், எதற்காகக் குறைத்தார் என்று தெரியவில்லை. எனக்கு மனசு சரியில்லை.

செவ்வந்தி சொல்கிறாள், கொழுந்தனார் இப்போது வாரம் ஒருதரம் வருகிறாராம், மயிலாத்தாள் அம்மாவைப் பார்க்காமல் டாக்டரை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறாராம். அவர் பெயர் நஞ்சுண்டன். தாராபுரத்தில் கட்டடங்கள் இருக்கின்றனவாம்.

அண்ணா, உங்களுக்கு அவரைத் தெரியுமா?

லின்சி


தாராபுரம்
6.11.2023

லின்சி கண்ணு,

சுகம். சந்தோஷமான செய்தி. வருகிற 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நம் சபையில் கிருபாவுக்குத் திடப்படுத்தல் ஆராதனை, முதன்முறை நற்கருணை எடுக்கப் போகிறாள். அத்தை இல்லாமல் வெள்ளை உடுப்புப் போட மாட்டேன் என்கிறாள். நீ வியாழக்கிழமையே வந்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை கண்டிப்பாக இங்கே இரு, அண்ணிக்கு உதவியாக இருக்கும். லீவு கேள், கொடுப்பார்கள்.

மற்றதை நேரில் பேசலாம்.

டேவிட்சன்


காரமடை
29.11.2023

அண்ணனுக்கு,

நான் வந்து சேர்ந்தேன். கிருபா வெள்ளை உடுப்பில் அழகாக இருந்தாள். அவளுக்கு என் அன்பு.

வெள்ளிக்கிழமை விடியும்போதே நீங்கள் வீட்டில் இல்லை. அவசர வேலை, கோயமுத்தூர்ப் பக்கம் என்று அண்ணி சொன்னார். சாயங்காலம் வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தீர்கள். கிருபாவின் பூமாலைக்கு நூல் கோத்துக்கொண்டே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரில் பேசலாம் என்று எழுதியிருந்தீர்கள். மூன்று நாளும் நீங்கள் என்னோடு தனியாக ஐந்து நிமிஷம்கூட உட்காரவில்லை.

திங்கட்கிழமை காலை மயிலாத்தாள் அம்மாவைப் பார்க்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் மடியில் விரிந்து கிடந்தன. இடது பெருவிரலில் நீல மை. நான் போய் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்தேன். விடுவிக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. மத்தியானம் தன் கையாலேயே சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். டாக்டர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார், கைதட்டினார்கள். என்னைப் பாராட்டிப் பேசினார். இப்போது அவர் கையை மூடுவதே இல்லை. மூடி வைத்துக் காப்பாற்ற இனி ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை பதிவு அலுவலரை இங்கேயே வரவழைத்திருக்கிறார்கள். அவரை நான் குறை சொல்லவில்லை. மனநிலை நன்றாக இருக்கிறது என்று டாக்டரின் சான்றிதழ், தானாகக் கையை இயக்குகிறார் என்று என்னுடைய தாள், இரண்டும் அவர் முன்னால் இருந்தன. வீடும் தோப்பும் நஞ்சுண்டன் பேருக்குப் போய்விட்டன. ஆபீஸில் நகல் கிடந்தது, படித்தேன். கடைசிப் பக்கத்தில், ஆவணம் தயாரித்தவர் என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து. முத்து முத்தாக.

அவர் சொன்னது பிரமை இல்லை. உண்மையைத்தான் சொன்னார், நான் அதை நோய் என்று எழுதினேன். பதினாறு மாதம் தன் கையையே அழுகவிட்டுக் காப்பாற்றிய பூட்டை நான் சோப்புத் தண்ணீர் ஊற்றித் திறந்து கொடுத்தேன். இதை நான் எங்கே போய்ச் சொல்லி அழுவேன்?

ஒரே ஒரு கேள்விதான் எனக்கு. நான் இல்லாமல் அந்த விரல் திறக்காது. டாக்டர் கேட்டும் திறக்கவில்லை, நஞ்சுண்டன் கேட்டும் திறக்கவில்லை, ஒரு மணி நேரம் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள் என்கிறாள் செவ்வந்தி. "அப்பறம் அந்தப் பத்திரக்காரரு அக்கா காதுகிட்டக் குனிஞ்சு என்னமோ சொன்னாருங்க. அக்கா தானாவே தொறந்துட்டாங்க." என்ன சொன்னீர்கள்?

கோவை நீதிமன்றத்தில் இருக்கிற சட்ட உதவி மையத்துக்குப் போகப் போகிறேன். உங்கள் கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. என்னுடையவை உங்களிடம். அவையும் வேண்டும். அவற்றில் என் தப்பும் இருக்கிறது, அதுவும் இருக்கட்டும்.

லின்சி


தாராபுரம்
5.12.2023

அன்பு லின்சிக்கு,

அண்ணி அற்புதம் எழுதுவது. எனக்கு உன்னைப் போல எழுத வராது. சுகமா?

அவர் ஒரு வாரமாகக் கடை திறக்கவில்லை. உன் கடிதங்களை எல்லாம் அடுப்படிக்குக் கொண்டுவந்தார். நான் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். அடுப்பைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார். நான் வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டேன். என்ன விஷயம் என்று கேட்டேன், கொல்லைப்பக்கம் போய்விட்டார். பிறகு நானே எடுத்துப் படித்தேன்.

இப்போது அவரே திருப்பிக் கேட்கிறார், உனக்கு அனுப்ப வேண்டுமாம். கொடுத்துவிட்டேன். வராவிட்டால் எனக்கு எழுது.

அற்புதம்


தாராபுரம்
11.12.2023

லின்சி கண்ணுக்கு,

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எண்ணிப் பார்த்துக்கொள். ஒன்றையும் எடுக்கவில்லை, நீ செப்டம்பரில் கோபித்து எழுதியதும் இருக்கிறது. என் இந்தக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடு. கேட்கிற இடத்தில் வந்து நானே சொல்கிறேன். கடைச் சாவியை நஞ்சுண்டனிடம் கொடுத்துவிட்டேன்.

உன் முதல் கடிதம் வந்த வாரம்தான் நஞ்சுண்டன் என் மேசைக்கு வந்தார். தன் அண்ணி காரமடையில் ஒரு இல்லத்தில் இருக்கிறாள், கையைத் திறக்க மாட்டேன் என்கிறாள், ரேகை இல்லாமல் பத்திரம் பதிய முடியுமா என்று கேட்டார். விரல்களை ரேகை எடுக்கிற கருவியின் கண்ணாடி மேல் வைத்தே ஆக வேண்டும் என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். என் தங்கச்சிதானுங்க அங்கே அந்தக் கையைப் பார்க்கிறாள் என்று பெருமையாகச் சொன்னேன். கடை அதற்குப் பிறகுதான் வந்தது. நீ எழுதியதையெல்லாம் அவரிடம் வாசித்துக் காட்டினேன்.

நீ கேட்டதற்குப் பதில். அந்த அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்தபோது, "அம்மணி வரலீங்களா?" என்று கேட்டார்கள்.

"அம்மணிதானுங்க என்னை அனுப்புச்சா. நானு அவ அண்ணன்" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். மூக்கைப் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். சிரித்தார்கள். பிறகு பெருவிரலை வெளியே எடுத்து, கையை என்னிடம் நீட்டினார்கள். அதைப் பிடித்துக் கண்ணாடி மேல் வைத்தது நான்தான்.

டேவிட்சன்